பூமாதேவி அல்லாத அம்மாக்கள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து பந்தியில் சாப்பிட்டு எழும்புகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுக்கப்படும். கல்வெட்டு என்பது அதன் பழைய பெயர். வழவழப்பான தாளில் நிறப்படங்களோடு அச்சிடத் தொடங்கிய பிறகு நினைவுமலர் என்கிறார்கள். அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே திதி வெண்பா, பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, உறவுமுறைப்படி புலம்பல்கள், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, தென்மராட்சியில் எங்கள் ஊரிலும் அயலூர்களிலும் இவற்றை எழுதிக் கொடுப்பது என் வேலையாகிவிட்டது. கூலி கிடையாது. சில வீடுகளில் ஒரு சேலை தருவார்கள். மாம்பழக் காலம் என்றால் ஒரு பை கறுத்தக்கொழும்பான்.

நாவலில் பெண் எப்படிச் சித்திரிக்கப்படுகிறாள், சினிமாவில் எப்படிக் காட்டப்படுகிறாள் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். பேசட்டும். எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரிகளில் இருப்பவை நாவல்கள் அல்ல, கல்வெட்டுகள். ஒரு குடும்பம் தன் வீட்டுப் பெண்ணை எப்படி நினைவில் வைத்திருக்க விரும்புகிறது என்பதை இந்தப் புத்தகங்களைப் போல வேறு எதுவும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. இவற்றை இலக்கியமாக யாரும் கணக்கில் எடுக்காததால், இவற்றில் வரும் பெண்ணைப் பற்றியும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

நான் வேலை கொடுக்கும் அச்சகத்தில் கணினியில் இரண்டு மாதிரிகள் வைத்திருக்கிறார்கள், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. ஆணின் மாதிரியில் நிரப்ப வேண்டிய இடங்கள் நிறைய: கற்ற பாடசாலை, முதல் நியமனம், இடமாற்றங்கள், வகித்த பதவிகள், கோயில் பரிபாலன சபை, சனசமூக நிலையம். பெண்ணின் மாதிரியில் பெயர், தகப்பன் பெயர், கணவன் பெயர், பிள்ளைகளின் பெயர்கள். மிகுதி எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. அடக்கமே உருவானவர், பொறுமையில் பூமாதேவி, கணவன் சொல் தட்டாதவர், வந்தாரை வரவேற்று உபசரிப்பவர். ஊரில் எந்த அம்மா இறந்தாலும் இந்த வரிகள் தயாராக இருக்கின்றன. ஊரே பயந்து ஒதுங்கிப்போன ஒரு வாய்க்காரிக்கும் இதே 'அடக்கமே உருவானவர்' அச்சாகி, பந்தியில் இருந்த அயலவர்கள் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்ததைக் கண்டிருக்கிறேன்.

கையெழுத்துப் பிரதியை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். வினைச்சொற்களின் கீழ் கோடு போடுங்கள். ஆண் படித்தார், சேர்ந்தார், வாங்கினார், கட்டினார், எதிர்த்தார், விலகினார். பெண் பிறந்தார், மணம் செய்து கொடுக்கப்பட்டார், பெற்றார், காலமானார். நடுவில் இருக்கும் ஐம்பது அறுபது வருடங்களுக்கு வினையே கிடையாது, குணங்கள்தான். கோடு போட்ட தாளை ஒரு தடவை மகள்மாரிடம் காட்டினால் போதும், நான் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது.

கத்தரித் தோட்டம் செய்த ஒரு குடும்பம். மூத்த மகன் கனடாவிலிருந்து வந்திருந்தார். விறாந்தையில் கதிரை போட்டு என்னை இருத்தி, அப்பாவைப் பற்றி நீண்ட நேரம் சொன்னார். அப்பா காலமாகி அப்போது பல வருடங்கள். இறந்தவர் அம்மா. அம்மாவைப் பற்றிக் கேட்டபோது, "அம்மா ஒரு வேலையும் செய்யவில்லை ரீச்சர், வீட்டோடுதான் இருந்தார்" என்றார். அன்பில்லாமல் சொன்ன வார்த்தை அல்ல அது. கண் கலங்கித்தான் சொன்னார்.

தண்ணீர் குடிக்கும் சாக்கில் அடுப்படிக்குப் போனேன். இறந்தவரின் தங்கை திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். "அக்கா காசை எங்கே வைப்பார்?" என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியைத் தூக்கி வந்தார். அதற்குள் ஓரம் செல்லரித்த ஒரு கொப்பி. பக்கம் பக்கமாகப் பென்சில் எழுத்து, இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் தொகை. சில பெயர்களுக்கு நேரே 'நகை' என்றும், சிலவற்றுக்கு 'நெல் 2 மூட்டை' என்றும் இருந்தது. திருப்பிக் கொடுத்தவர்களின் பெயரை ஒரே கோட்டால் வெட்டியிருந்தார். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்துச் சனம் ஏறத்தாழ முழுவதும் நாவற்குழிப் பாலமும் கைதடிப் பாலமும் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து வந்தது. அந்தக் காலத்துப் பக்கத்தில் வெட்டப்படாத பெயர்களே அதிகம். அவருடைய வளவில் கொட்டில் போட்டு இருந்துவிட்டுப் போன குடும்பங்கள் அவை. பக்கத்தின் அடியில், 'இவை கேட்பதில்லை' என்று எழுதி அதன் கீழ் இரட்டைக் கோடு போட்டிருந்தார்.

கொப்பியை விறாந்தைக்குக் கொண்டுவந்து மகனிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு இவ்வளவு காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சின்னம்மா வாசலில் நின்றபடியே பதில் சொன்னார்: "கத்தரிக்காய் விற்ற காசு. சீட்டும் அக்காதான் பிடித்தார். நீ வெளிநாடு போன ஏஜென்சிக் காசும் அதற்குள்தான் இருக்கிறது, பின்பக்கம் பார்." பின்பக்கத்தில் இருந்தது. மகனின் செல்லப் பெயர், தொகை, அதற்கு மேல் ஒரு கோடு. எப்போது வெட்டினார், மகன் காசு அனுப்பிய பிறகா, அதற்கு முன்பேயா என்பது சின்னம்மாவுக்கும் தெரியவில்லை.

அந்தக் கல்வெட்டின் நடுப்பக்கத்தில், மற்றவர்களின் பெயர்களை மறைத்து, கொப்பியின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டோம். பூமாதேவி வரவில்லை. 'இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குக் கொடுத்த கடனைக் கேட்காதவர்' என்ற வரி வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. அந்தியேட்டிக்கு வந்த இரண்டு மூன்று பேர், அந்தப் பட்டியலில் தங்கள் குடும்பத்தின் பெயரும் இருக்கிறதா என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார்கள்.

இதிலிருந்து சில நடைமுறைகளை வகுத்துக்கொண்டேன். "அம்மா எப்படிப்பட்டவர்?" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் 'பொறுமையானவர்' என்ற ஒரே பதில்தான் உண்டு. விடிய எழும்பி முதலில் என்ன செய்வார், வீட்டுக் காசு யார் கையில் இருந்தது, தனியாக எங்கே போய்வருவார், யாரோடு கதை பேச்சு இல்லை, எதற்குச் சிரிப்பார், என்ன வாசிப்பார் என்று கேட்டால் வினைச்சொற்கள் தாமாக வரும். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவுக்கு முன் போவதில்லை. அழுகிற வீட்டில் விபரம் கேட்பது முறையல்ல, கிடைக்கவும் கிடைக்காது. விறாந்தையில் கொஞ்ச நேரம், அடுப்படியில் அதிக நேரம். மகன்களிடம் ஆண்டுகளும் ஊர்களும் சரியாக இருக்கும். மற்றவற்றைத் தங்கை, மருமகள், அடுத்த வீட்டுக்காரி ஆகியோரிடம்தான் கேட்க வேண்டும். மருமகள் சொல்வதைக் கொஞ்சம் உப்புப் புளி குறைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மாமி எந்த நேரம் எங்கே இருப்பார் என்பது மருமகளைப் போல வேறு யாருக்கும் தெரியாது.

கேட்க வேண்டிய இன்னொரு பொருள் காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம். இது பலருக்கு விசித்திரமாகப் படும். செத்தவீட்டுக்கு வந்த ரீச்சர் காணி உறுதியை ஏன் கேட்கிறார் என்று ஒரு மருமகன் என்னைச் சந்தேகத்தோடு பார்த்ததும் உண்டு. எங்கள் சொத்து வழமை தேசவழமை. 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்து எழுதப்பட்டது. அந்தப் பழைய வழமையில் தாய்வழிச் சீதனம் மகள்களுக்கும், தகப்பன்வழி முதுசம் மகன்களுக்கும் போனது. இன்றும் இங்கே எத்தனையோ வீடுகள் பெண்ணின் பெயரில்தான் இருக்கின்றன. கல்வெட்டில் 'கணவரின் நிழலில் வாழ்ந்தவர்' என்று எழுதப்படும் பெண்ணின் சீதன உறுதியை எடுத்துப் பார்த்தால், கணவர்தான் அவருடைய வளவின் நிழலில் இருந்திருப்பார். ஆனால் அந்த உறுதியிலும் ஒரு பிடி உண்டு. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்க வேண்டும் என்றால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற்போய்விட்டால் மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி பெற வேண்டும். போருக்குப் பிறகு அந்த அனுமதிக்காக நொத்தாரிசு வீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையை 'அமைதியான இல்லத்தரசி' என்று எழுதச் சொன்னார்கள். அலைந்ததை எழுதினேன்.

உறுதியால் இன்னொரு நன்மையும் உண்டு. வம்சாவளியில் ஆண்களின் பெயர்கள் நான்கு ஐந்து தலைமுறைக்குக் கிடைக்கும். அம்மாவின் அம்மாவுக்கு அம்மா யார் என்று கேட்டால் வீடே விழிக்கும். சீதன உறுதியில் தாய் கொடுத்தது, அவருடைய தாய் அவருக்குக் கொடுத்தது என்று பெண்களின் பெயர்கள் சங்கிலியாக வரும். வம்சாவளியை அதிலிருந்து எழுதினால் மரம் வேறு விதமாகக் கிளைவிடும்.

மாதிரியில் உள்ள வரிகள் எங்கிருந்து வந்தன என்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 'தெய்வம் தொழாஅள் கொழுநற் றொழுதெழுவாள்' என்ற குறளை எங்களில் யார் மனப்பாடம் செய்யவில்லை? ஆறுமுக நாவலரின் பாலபாடத்தில் கற்பைப் பற்றியே தனியாக ஒரு பாடம் உண்டு. அதைப் படித்து வளர்ந்த தலைமுறை ஆசிரியரானது, கல்வெட்டும் எழுதியது. நானும் அந்த மரபில் வந்த ஆசிரியைதான், அந்தத் தமிழின் அழகை இன்றும் இரசிக்கிறேன். குறளைக் குறை சொல்வதால் பயனில்லை. பழைய இலக்கியத்திலிருந்து எந்த வரியை எடுக்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு குடும்பம் அம்மாவைக் 'கற்பில் கண்ணகி' என்று எழுதச் சொன்னது. எங்கள் பகுதியில் கண்ணகி அந்நியமானவள் அல்ல. பங்குனித் திங்கள்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குப் பொங்கப் போகாத பெண்கள் குறைவு. சரி என்றேன். பிறகு விசாரித்தால், அந்த அம்மா எல்லைத் தகராறு ஒன்றில் வருடக்கணக்காகக் கோடு, அதாவது நீதிமன்றம், ஏறியவர். கணவர் வெளியூரில் உத்தியோகம். பக்கத்து வளவுக்காரர் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கிறார். அந்த அம்மா நில அளவையாளரைக் கூட்டிவந்து, வழக்குப் போட்டு, சாட்சிக் கூண்டில் நின்று வென்றிருக்கிறார். கோடு கச்சேரி ஏறிய பெண் என்றால் எங்கள் ஊரில் மதிப்பில்லை. ஆகவே பிள்ளைகள் அதை மறைக்கப் பார்த்தார்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி என்ன செய்கிறாள்? 'தேரா மன்னா' என்று அரசவையில் நின்று வழக்குரைக்கிறாள். வழக்குரை காதை என்று ஒரு காதையே இருக்கிறது. கண்ணகி என்று எழுத வேண்டும் என்றால் வழக்கையும் எழுத வேண்டும், வழக்கு வேண்டாம் என்றால் கண்ணகியும் வேண்டாம் என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு இரண்டையும் போடச் சொன்னார்கள். வேலிக்காரர் வீட்டுக்கும் புத்தகம் போனது. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

புறநானூற்று 246 ஆம் பாட்டையும் இந்த வேலைக்கு அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு பாடியது. கணவனோடு தீப்பாய்ந்த பத்தினி என்று மேடைகளில் அவரைப் புகழ்வார்கள். பாட்டை எடுத்து வாசித்தால், தன்னைத் தடுக்க வந்த பெரியவர்களை 'பொல்லாச் சூழ்ச்சிப் பல்சான்றீரே' என்று முகத்துக்கு நேரே திட்டுகிற பெண் அங்கே நிற்கிறார். கைம்பெண்ணாக உயிரோடு இருந்தால் தனக்கு என்ன கிடைக்கும் என்றும் சொல்கிறார்: நெய் படாத சோறு, எள்ளுத் துவையல், புளி விட்ட வேளைக் கீரை, பாய் இல்லாமல் பருக்கைக் கல்லில் படுக்கை. எதைச் சாப்பிட்டாள், எதில் படுத்தாள் என்று எழுதினால் ஒரு காலத்துப் பெண்ணின் நிலை முழுவதும் வந்துவிடும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. மாணவிகளுக்கு அந்தப் பாட்டைக் கற்பித்த காலத்தில் பரீட்சைக்குத் துறை, திணை கேட்பார்கள். கீரையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

கைம்பெண்ணின் படம் இன்றும் தகராறுக்குரியது. எழுபது வயதில் காலமான ஓர் அம்மாவுக்கு அட்டைப் படம் தேடினார்கள். தனியாக எடுத்த படம் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் பக்கத்தில் நிற்கிறார். கடைசியில் மகளின் கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தார்கள், யாருடையதோ ஒரு தோள்மூட்டு ஓரத்தில் தங்கிவிட்டது. அந்தப் படத்தில் அவருக்குப் பொட்டு இல்லை. அச்சகத்துப் பிள்ளையிடம் பொட்டு வைக்கச் சொன்னார் இளைய மகள். தகப்பனின் தங்கை கூடாது என்று எழும்பினார். இப்படியான இடத்தில் தீர்ப்புச் சொல்லப் போகக் கூடாது. அந்த அம்மாவுக்கே பிடித்த படம் எது என்று கேட்டேன். பேத்தி தன் கைத்தொலைபேசியில் ஒன்றைக் காட்டினாள். கீரிமலையில் கால் நனைத்துக்கொண்டு சிரிக்கிறார், தலைமுடி பறக்கிறது. பொட்டு இருக்கிறதா இல்லையா என்பது தெரியாத தூரத்தில் எடுத்தது. அது அட்டைக்குப் போனது, சண்டையும் நின்றது. அதன் பிறகு, உயிரோடு இருக்கும்போதே தனியாக ஒரு நல்ல படம் எடுத்து வையுங்கள் என்று காணும் பெண்களிடம் எல்லாம் சொல்லி வருகிறேன். சாவைப் பற்றிப் பேசுகிறேன் என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

மாதிரிக்குள் அடங்கவே அடங்காத பெண்கள் கலியாணம் செய்யாதவர்கள். தாதியாக வேலை செய்து, தங்கைமாரின் சீதனத்துக்கும் தம்பியின் படிப்புக்கும் உழைத்துக் கொடுத்துவிட்டுத் தனியே இருந்த ஒருவர் காலமானார். அவருக்குக் கல்வெட்டே தேவையில்லை என்றுதான் முதலில் பேசினார்கள். இலண்டனில் இருக்கும் பெறாமக்கள், அதாவது உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள், விடவில்லை, செலவைத் தாங்களே ஏற்றார்கள். அச்சகத்தில் 'கணவன் பெயர்' என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார்கள். அவர் வேலை செய்த வைத்தியசாலைகளின் பெயர்களை ஆண்டு வரிசையில் போடச் சொன்னேன். பெண் மாதிரியில் அந்த இடம் அளவு போதவில்லை. அதனால் ஆண் மாதிரியைத் திறந்து அதில் நிரப்பினார்கள். எல்லாம் சரியாகப் பொருந்தியது.

எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கல்வெட்டு துக்க வீட்டின் புத்தகம், ஆய்வேடு அல்ல. புலம்பலை உரத்து வாசித்து அழுவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது, அதற்குப் பழகிய சொற்கள்தான் உதவும். புலம்பலில் நான் கை வைப்பதே இல்லை. அடித்துத் துன்புறுத்திய கணவனோடு காலம் தள்ளிய ஒரு பெண்ணின் வரலாற்றை எழுத நேர்ந்தபோது, 'இல்லறத்தை நல்லறமாக நடத்தினார்' என்ற வரி மட்டும் வரக் கூடாது என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அண்ணன்மார் கட்டாயம் வேண்டும் என்றார்கள். கலியாணம் நடந்த ஆண்டை எழுதினேன். அடுத்த வாக்கியத்தில் அவர் பனையோலையில் பன்னவேலை பழகி, பெட்டியும் கடகமும் இழைத்து விற்ற கதை. தகப்பனின் பெயர் வம்சாவளியில் உரிய இடத்தில், அடைமொழி இல்லாமல். அண்ணன்மார் கவனிக்கவில்லை. அடி உதையை வெளியே சொல்ல வேண்டிய உரிமை மகளுடையது, அவள் கேட்டது பொய் எழுத வேண்டாம் என்பதை மட்டும்தான்.

1931 இல் பிறந்த ஒருவரின் கல்வெட்டை மறக்க முடியாது. மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி விடுதியில் இருந்து படித்தவர். கல்லூரியை 1913 இல் நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் ஒரு வரி புகழ் எழுத வேண்டும் என்று வீட்டார் விரும்பினார்கள். எழுதத்தான் வேண்டும். சைவப் பெண்பிள்ளைகளுக்காக அந்தக் காலத்தில் அப்படி ஒரு விடுதிப் பள்ளியைக் கட்டுவது இலேசான காரியம் அல்ல. அதே இராமநாதன்தான், இலங்கையின் அரசியல் சீர்திருத்தத்தை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன்னால் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று வாதாடினார். ஆணைக்குழு கேட்கவில்லை. 1931 இல் இலங்கைப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சமமாக வாக்குரிமை வந்தது. பெண்ணைப் படிப்பிக்கவும் வேண்டும், படித்தவள் நல்ல மனைவியாக மட்டும் இருக்கவும் வேண்டும் என்ற எண்ணம் அவரோடு தொடங்கியதும் அல்ல. 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகளும் கிறிஸ்தவ இளைஞர்களுக்கு ஏற்ற மனைவியரை உருவாக்குவதை நோக்கங்களில் ஒன்றாக வைத்திருந்தார்கள். இவற்றை எல்லாம் ஒரு கல்வெட்டுக்குள் திணிக்க முடியாது. ஆனால் அந்த அம்மாவைப் பற்றி மகள் சொன்ன ஒன்றைச் சேர்த்தேன். தேர்தல் நாளில் விடியவே குளித்து, நல்ல சேலை கட்டி, முதல் ஆளாக வாக்குச்சாவடிக்குப் போவாராம். யாருக்கு வாக்களித்தார் என்பதைக் கணவரிடம் கடைசிவரை சொன்னதில்லை. கணவர் ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டுப் பார்த்திருக்கிறார்.

எங்கள் பெண்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதாமலும் இல்லை. தெல்லிப்பழையைச் சேர்ந்த மங்களநாயகம் தம்பையா 1914 இலேயே, கணவனால் வதைபடும் மனைவியின் கதையை 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலாக வெளியிட்டார். 1923 இல் மங்களம்மாள் மாசிலாமணி 'தமிழ் மகள்' என்ற இதழைத் தொடங்கினார். 1986 இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' தொகுப்பைக் கொண்டுவந்தது. அதில் அ. சங்கரியின் கவிதை ஒன்று, அவர்களின் பார்வையில் தனக்கு முகமும் இல்லை இதயமும் இல்லை என்று தொடங்கும். உடல் உறுப்புகளை அடுக்கி, சமைப்பதும் பிள்ளை பெறுவதும் பணிந்து நடப்பதுமே தன் கடமைகள் என்று சொல்லும். அச்சகத்து மாதிரியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறுப்புகளை நீக்கிவிட்டுக் கடமைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள், கவிதையில் கோபமாக இருந்தது அங்கே புகழாக இருக்கிறது. இந்தக் கவிதைகளைப் பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைகள்கூட, தங்கள் அம்மம்மா காலமானதும் பூமாதேவி வேண்டும் என்று வந்து நிற்கிறார்கள். வாசிப்பு ஒரு அறையிலும் வீட்டுக் காரியம் இன்னொரு அறையிலும் நடக்கிறது. நடுவில் உள்ள கதவைத் திறந்து வைப்பதுதான் என்னைப் போன்ற ஆசிரியைகளால் ஆகக்கூடியது.

அச்சடித்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு பிரதியை 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் நினைவுமலர்களையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 90,000 க்கும் மேற்பட்ட நூல்களும் ஏடுகளும் எரிந்துபோன மண் இது. தோட்டம் செய்து, சீட்டுப் பிடித்து, வழக்காடி வாழ்ந்த பெண்களைப் பற்றி நாளைக்கு ஒருவர் தேடினால், பலருக்கு இந்தப் பதினாறு பக்கத்தைத் தவிர வேறு எழுத்து இருக்காது. அதைப் பூமாதேவிகளால் நிரப்பினால், தேடுகிறவருக்கு ஒரே பெண்தான் ஆயிரம் பெயர்களில் கிடைப்பாள்.

கையெழுத்துப் பிரதியைச் சரிபார்க்க அனுப்பும்போது முதலில் மகள்மாருக்கும் சகோதரிகளுக்கும் அனுப்புவேன், பிறகுதான் மகன்களுக்கு. வரிசை மாறினால் வாட்ஸ்அப்பில் முதல் ஆள் 'சரி' என்று போட்டதும் மற்றவர்கள் வாயைத் திறப்பதில்லை. திதி வெண்பாவில் இறந்தவரின் பெயர் முழுமையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தளை தட்டும்போது கணவன் பெயரை வைத்துக்கொண்டு பெண்ணின் பெயரைச் சுருக்குகிற பழக்கம் புலவர்களிடம் உண்டு. வருடம், மாதம், பட்சம், திதி ஆகியவற்றை வைத்துத்தான் பிள்ளைகள் திவசம் செய்யப்போகிறார்கள். அவற்றோடு அம்மாவின் பெயரும் இருந்தால் போதும், இன்னாரின் துணைவி என்பது அங்கே அவசியம் இல்லை.

இப்போது என்னிடம் இருக்கும் வேலை சற்று வித்தியாசமானது. எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்கா, எழுபதைத் தாண்டியவர், தன்னுடையதைத் தான் இருக்கும்போதே எழுத வேண்டும் என்று வந்திருக்கிறார். பிள்ளைகள் மூன்று நாடுகளில் இருக்கிறார்கள், அவசரத்தில் வந்து என்ன எழுதுவார்களோ என்ற பயம் அவருக்கு. கணவர் இருக்கிறார், சம்மதித்துவிட்டார். புலம்பல் பகுதியில் கணவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கும்போது புலம்பியதே போதும் ரீச்சர், அந்தப் பக்கத்தில் என் சமையல் குறிப்பு இரண்டைப் போடுங்கள்" என்றார். ஒடியல் கூழும் கத்தரிக்காய்ப் பால்கறியும். அளவுகளைச் சொல்லச் சொல்ல எழுதி முடித்துவிட்டேன். அவர் சைக்கிள் பழகிய ஆண்டில்தான் சிக்கல். இடப்பெயர்வுக்கு முன்பு என்கிறார் அக்கா, இல்லை, அதற்குப் பிறகு, விழுந்து முழங்காலை உடைத்தபோது கட்டுப் போட்டது நான்தான் என்கிறார் தங்கை. தங்கை வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார், இருவரையும் ஒன்றாக இருத்திக் கேட்டுத்தான் அந்த வரியை எழுத வேண்டும்.